மாத்திரையில் சேராதது

ஒரு காரியம் ஏன் நடந்தது என்று தெரியாவிட்டால் பிரின்சிக்குச் சோறு இறங்காது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சிப்ஸும் மிக்சரும் பாக்கெட் போடுகிற கம்பெனியில் அவள் பதினோரு வருஷமாக செக்கிங்கில் இருக்கிறாள். பெல்ட்டில் வருகிற பாக்கெட் ஒன்று எடை குறைந்தால் மற்றவர்கள் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். இவள் பெல்ட்டையே நிறுத்தச் சொல்லுவாள். எப்போதிலிருந்து குறைகிறது, அதற்கு முன்னால் எது மாறியது, யார் கை பட்டது என்று குடைந்து எடுத்த பிறகுதான் பெல்ட் மறுபடி ஓடும். பக்கத்தில் நின்று வேலை செய்யும் மோனிகா அவளுக்கு சி.பி.ஐ. என்று பேர் வைத்திருந்தாள். பிரின்சி அதற்குக் கோபித்துக்கொள்வது போலக் காட்டிக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஊர்க் கணக்கையெல்லாம் நேர் பண்ணுகிறவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கணக்கு அஞ்சு மாதமாக உதைத்துக்கொண்டிருந்தது. புருஷன் தாவீது பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விடாமல் விழுங்குகிறான். பிரஷர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது.

தாவீது கம்பி உருட்டுகிற மில்லில் கிரேன் ஆபரேட்டர். கூரையை ஒட்டி ஓடுகிற பெரிய கிரேன். நாற்பது அடி உயரத்து இரும்பு ஏணியில் செங்குத்தாக ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். தரையில் நடக்கும்போது தாவீதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் கீழே இருக்கிற அத்தனை தலையும் அவனைப் பார்த்து அண்ணாந்து நிற்கும். அவன் கை அசைந்தால் ரெண்டு டன் கம்பிக் கட்டு நகரும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கெத்தில்தான் மனுஷன் வாழ்ந்துகொண்டிருந்தான்.

ஜனவரி மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் நடக்கிற மெடிக்கல் செக்கப்பில் அவனுக்கு நூற்று அறுபதுக்கு நூறு காட்டியது. சேப்டி ஆபீசர் நல்ல மனுஷர்தான், ஆனால் விதியை விட்டுக் கொடுக்காதவர். மருந்து சாப்பிடு, ஜூலை ஒண்ணாந்தேதி மறுபடியும் பார்ப்போம், நூற்று நாற்பதுக்குள் வராவிட்டால் கிரேனில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கீழே இறங்கினால் யார்டில் நின்று கொடி காட்டுகிற வேலை. தாவீதுக்கு அதை நினைத்தாலே முகம் சுண்டிவிடும்.

முதலில் பிரின்சிக்கு அவன்மேல்தான் சந்தேகம். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பாள்.

"ஆ காட்டு. நாக்க தூக்கு."

"ஏம்மே, நான் இன்னா எல்.கே.ஜி. புள்ளயா?"

"அது ஒழுங்கா முழுங்கும். நீ தூக்கு."

மாத்திரை வயிற்றுக்குள் போவது நிச்சயமானதும் சந்தேகம் உப்பின் மேல் திரும்பியது. அப்பளம் போயிற்று, ஊறுகாய் போயிற்று, பழவேற்காட்டிலிருந்து வருகிற கருவாடு வாசற்படி ஏறுவது நின்றது. பிள்ளைகள் இரண்டும் இது ஆஸ்பத்திரி சோறு என்று முனகிக்கொண்டே சாப்பிட்டன. அப்புறம் மில் கேன்டீனில் திருட்டுத்தனமாக ஏதாவது தின்கிறானா என்று கேன்டீன் சமையல்காரரையே மடக்கிக் கேட்டாள். அண்ணன் ஊறுகாய்ப் பக்கமே வருவதில்லை என்று அவர் சாட்சி சொன்னார். குடியா என்று மோந்து பார்த்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் உபவாச ஜெபத்தில் விட்டதை அவன் மறுபடி தொட்டிருக்கவில்லை. மாத்திரை போலியோ என்று அட்டையின் பேட்ச் நம்பரையும் தேதியையும் பார்த்தாள். பிரஷர் பார்க்கிற மெஷினே கோளாறோ என்று மோனிகாவை இழுத்துப்போய் அதே மெஷினில் பார்க்க வைத்தாள். மோனிகாவுக்கு நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

இருந்த எல்லாக் கதவையும் தட்டியாயிற்று. வெறும் வாயை மென்றுகொண்டு திரிந்தாள் பிரின்சி.

பொன்னேரி பஜாரில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் ஜபீனுக்கும் இது புரியாத கேஸாகத்தான் இருந்தது. மார்ச்சில் ஒரு மாத்திரையை இரண்டாக்கினார். மே கடைசியில் பார்த்தபோதும் நூற்று ஐம்பத்தெட்டு. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"தாவீது, மறைக்காம சொல்லுங்க. நான் குடுக்கறது இல்லாம வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஆண்டவர் அறிய இல்ல மேடம். நீங்க எழுதி குடுத்தது மட்டுந்தான்."

பொய் சொன்னால் தாவீது காதுமடலைத் தேய்ப்பான். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் பிரின்சி கண்டுபிடித்து, அவனிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ரகசியம் அது. அன்றைக்கு அவன் கை மடியிலேயே இருந்தது. அவன் உண்மையைத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மூணாவது மாத்திரை சேக்கணும்" என்றார் டாக்டர். வரும்போது ரத்தப் பரிசோதனை பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று சீட்டும் எழுதினார்.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை. வெயில் அனல் கக்கியது. வேலை முடிந்து வெளியே வந்த பிரின்சிக்கு மண்டையைப் பிளந்தது. சிப்காட் பஸ் ஸ்டாப்பை ஒட்டி அன்புவின் மெடிக்கல் ஷாப். ஷிப்ட் விடுகிற நேரத்தில் அங்கே டீக்கடையைவிடக் கூட்டம் இருக்கும். யாரும் மாத்திரையின் பேர் சொல்லிக் கேட்பதில்லை. ஜொர செட்டு, சளி செட்டு, உடம்பு வலி செட்டு என்பார்கள். அன்பு நாலு அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்று நறுக்கி, சின்ன வெள்ளைக் காகிதக் கவரில் போட்டு நீட்டுவான். ஒரு வாய் டீயோடு முழுங்கிவிட்டு ஜனம் பஸ் ஏறும்.

"தலவலி செட்டு ஒண்ணு குடு அன்பு" என்றாள் பிரின்சி.

"அண்ணனுக்கும் சேத்து போட்டுடட்டாக்கா?"

"எந்த அண்ணனுக்கு?"

"நம்ம தாவீது அண்ணனுக்குதான். ஷிப்டுக்கு போவ சொல்ல டெய்லி இடுப்பு வலி செட்டு வாங்கினு போவாரே. ரெண்டு நாளா ஆளக் காணோம்."

தாவீது முந்தாநாளிலிருந்து லீவில் இருந்தான், பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்க அலைந்துகொண்டு. பிரின்சிக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது.

"டெய்லியா? எத்தினி நாளா?"

"அது ஆவுதுக்கா ஒரு வருசம்."

அவளுக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? அப்பாடா, செட்டுதானே என்பதுதான். வேறு என்னவோ என்று பயந்துவிட்டாள். தன் கவரை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். புளியமரம் வரைக்கும்கூடப் போயிருப்பாள்.

அங்கே மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று கவரை எடுத்தவளின் விரல் பழக்கத்தில் அதைத் திருப்பியது. முன்னும் பின்னும் வெறும் வெள்ளை. பேர் இல்லை, தேதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்து இல்லை. பத்து ரூபாய் மிக்சர் பாக்கெட் இப்படி வந்திருந்தால் அவள் கம்பெனி கேட்டைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள். இத்தனை வருஷமாக எத்தனை கவர் வாங்கி விழுங்கியிருப்பாள், ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்ததுண்டா? பிரின்சி வந்த வழியே திரும்பினாள்.

"அன்பு, அண்ணனுக்கு போடுவியே அந்த செட்டு, அதுல இன்னா இன்னா இருக்குது?"

"இடுப்பு வலி செட்டுக்கா."

"அது தெரியுது. பிரிச்சி சொல்லு."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அன்பு நாலு அட்டையையும் எடுத்து வரிசையாக வைத்தான்.

"இது வலிக்கு. இது ஜலதோசத்துக்கு, மில்லு தூசில அண்ணனுக்கு மூக்கு அடைக்குதுன்னு சேத்தது. இது வயித்துல கேஸுக்கு. இது சத்துக்கு."

"நாலும் மாத்திரையா?"

"பின்ன இன்னாக்கா, பப்பர்மிட்டா?"

பிரின்சி சிரிக்கவில்லை. வலி மாத்திரை வந்த பெட்டியைக் கேட்டு வாங்கி, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை விரித்தாள். பொடி எழுத்தைப் படிக்க அவளுக்குக் கம்பெனியே பழக்கி வைத்திருந்தது. இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் டாக்டர் ஜபீன் சீட்டில் மாதாமாதம் எழுதுகிற ஹைப்பர்டென்ஷன் என்கிற வார்த்தை கூட்டத்தில் தெரிந்த முகம் மாதிரி அங்கே நின்றது. கிட்னி என்கிற வார்த்தையும் அடுத்த வரியில் இருந்தது. ஜலதோஷ மாத்திரையின் அட்டையைத் திருப்பினால் அங்கேயும் பிரஷரைப் பற்றி ஏதோ போட்டிருந்தது.

"இன்னாக்கா, அண்ணனுக்கு பிரஷரா?" அன்புவின் குரல் இறங்கிவிட்டது. "சொல்லவே இல்லியே அவரு."

"நீ கேட்டியா?"

"செட்டு வாங்க வர்றவங்கள யாருக்கா அதெல்லாம் கேப்பாங்க?"

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய் துடித்தது. கையில் தானும் அதே வெள்ளைக் கவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். தாவீதுக்குப் போடுகிற நாலு மாத்திரை செட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கவரைப்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

வீட்டில் தாவீது டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரின்சி கவரைக் கிழித்து நாலையும் அவன் முன்னால் கொட்டினாள்.

"வேற மாத்திரை சாப்பிடலன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னியே."

"சாப்பிடலியே."

"இது இன்னா?"

"செட்டும்மே அது."

"இது மாத்திரையா, இல்லியா?"

தாவீது ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அந்த நாலையும் வெகு நேரம் பார்த்தான். அவனும் இத்தனை நாளில் அவற்றைத் தனித்தனியாகப் பார்த்ததில்லை போலிருக்கிறது. "மாத்திரைன்னா டாக்டர் எழுதி குடுக்கறது. இது நம்மளா டீ குடிக்கற மாரி வாங்கிக்கறது" என்றான். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவனுக்கே கேட்டது.

"இத வுட்டா பிரஷர் எறங்கும்யா. கிரேனு போவாது."

"வுட்டா ஏணி ஏற முடியாது பிரின்சி. நாலாவது படியிலயே இடுப்பு புடிச்சிக்கும்."

ஒரு வருஷமாக இந்த மனுஷன் வலி என்று வாய் திறந்ததில்லை. வலியே இல்லாத உடம்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கோபம் வந்தது. அதைவிட அழுகைதான் அதிகமாக வந்தது.

"எங்கிட்டகூட சொல்லக்கூடாதா?"

அவன் வேறு யோசனை சொன்னான். "செக்கப்புக்கு ரெண்டு நாளு முன்னாடி செட்ட நிறுத்திடறேன். அன்னிக்கு காலைல பிரஷர் மாத்திரைய நாலா போட்டுக்கினு போறேன். கரெக்டா காட்டும்."

"போட்டுக்கினு ஏணில ஏறி, நடுவுல கண்ணு இருட்டினா? யார புடிப்ப? நாளன்னிக்கு டாக்டரம்மாவ பாக்கறோம். அவ்ளோதான் பேச்சு."

திங்கட்கிழமை காலை லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ரிப்போர்ட்டோடு கிளினிக்கில் உட்கார்ந்தார்கள். பிரின்சி நாலு மாத்திரையையும் மேஜைமேல் வைத்து, செட்டு என்கிற வார்த்தையைச் சொன்னாள். டாக்டர் ஜபீன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கள்ல யார் யாரு வேற மாத்திரை சாப்பிடறீங்க?"

ஒருவரும் அசையவில்லை.

"சரி. யார் யாரு செட்டு வாங்கறீங்க?"

அஞ்சு கைகள் உயர்ந்தன. அதில் ஒரு அம்மா, "மூட்டு வலி செட்டா மேடம், ஜொர செட்டா?" என்று விவரம் வேறு கேட்டார்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சிரிப்பும் வருத்தமும் கலந்த முகம். "பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல கேள்வியத் தப்பா கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அப்புறம் ஒவ்வொரு மாத்திரையாகத் தள்ளி வைத்துக்கொண்டே சொன்னார். இந்த வலி மாத்திரையைத் தினமும் போட்டால் பிரஷர் மாத்திரை வேலை செய்யாது, கிட்னியையும் கெடுக்கும். ரிப்போர்ட்டில் கிட்னிக்குப் பார்க்கிற உப்பின் அளவு லேசாக ஏறியிருக்கிறது, இப்போதே நிறுத்தினால் பழையபடி திரும்ப வாய்ப்பு உண்டு. ஜலதோஷ மாத்திரையில் ஒரு மருந்து பிரஷரை ஏற்றும். அதிலேயே இருக்கிற இன்னொன்று தூக்கத்தைக் கொண்டுவரும். மிஷின் ஓட்டுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. தாவீது அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டான். பிரின்சி கிட்னியை நினைத்துப் பயந்துகொண்டிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"செட்ட நிறுத்தினதும் பிரஷர் தானா இறங்கும். அப்ப இந்த ரெண்டு மாத்திரை உங்களுக்கு அதிகமாகலாம். நீங்களா நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. வாரா வாரம் வாங்க, நான் பாத்துக் குறைக்கறேன். படுக்கைலருந்து சட்டுனு எழுந்திரிக்காதீங்க. வலிக்கு வெந்நீர் ஒத்தடம், நான் காட்டற பயிற்சி, ரொம்ப முடியலன்னா எங்கிட்ட கேட்டுட்டு ஒரு மாத்திரை. அளவு சரியாகற வரைக்கும் மூணு வாரம் ஏணி ஏற வேணாம்."

"அது மட்டும் முடியாது மேடம். கீழ எறக்கினா திரும்ப ஏத்த மாட்டாங்க. எட்வர்ட்னு ஒருத்தன் லைசென்ஸ் வெச்சிக்கினு ரெண்டு வருசமா காத்துக்கினு கீறான்."

மூணு வாரம் கீழ்வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, ஒட்டாமல் அவன் கையில் கொடுத்தார். "நான் எழுதிட்டேன். அங்க குடுக்க வேண்டியது நீங்க."

பொன்னேரியிலிருந்து ரயிலில் திரும்பும்போது கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது. கொடு என்று சொல்ல பிரின்சிக்கு வாய் வரை வந்தது. சொல்லி, கிரேன் போய்விட்டால் ஆயுசுக்கும் தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அது ஞாபகம் வருமே என்று பயந்தாள். சொல்லாமல் விட்டு, அவன் ஏணியில் தலைசுற்றி விழுந்தால் என்று அதைவிடப் பயந்தாள். அடுத்த நாள் விடியற்காலை அவன் செட்டு போடாமல் முதல் ஷிப்டுக்குப் போனான். அன்றைக்கு பெல்ட்டில் போன பாக்கெட் ஒன்றையாவது அவள் சரியாகப் பார்த்தாளா என்பது சந்தேகம்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது தாவீது இடுப்புக்குக் கீழே வெந்நீர்ப் பை வைத்துப் படுத்திருந்தான். பிரின்சி டீ வைக்கப் போனாள். அவனே சொன்னான்.

"லெட்டர குடுத்துட்டேன்."

"கிரேனு?"

"எட்வர்ட் ஏறிட்டான். எனக்கு யார்டுல கொடி. ஒண்ணாந்தேதி பிரஷரையும் இடுப்பையும் சேத்து பாத்துட்டு சொல்றேன்னாரு சேப்டி ஆபீசரு. திரும்ப ஏத்துவாங்களோ இன்னாவோ."

"நீயாவா குடுத்த?"

அவன் ஒருக்களித்து, கையை ஊன்றி, டாக்டர் சொன்னபடி மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். "காலைல ஏறத்தான் போனேன். நாலாவது படில இடுப்பு புடிச்சிது. பல்ல கடிச்சிக்கினு அங்கயே நின்னேன். கீழ கட்டு கட்டற ஆளுங்க பன்னெண்டு பேரு, கொக்கிக்கு நேரா அடியில." "அந்த ஜலதோச மாத்திரைல தூக்கம் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. இந்த ஒரு வருசத்துல மேல உக்காந்துகினு இருக்க சொல்ல எத்தினி தபா எனக்கு கண்ணு சொக்கிச்சு தெரியுமா? வெயிலுன்னு நெனச்சிக்கினேன். வயசாவுதுன்னு நெனச்சிக்கினேன். யாராண்டயும் சொல்லல."

பிரின்சி அடுப்பை அணைத்தாள்.

"கட்டு அந்தரத்துல தொங்கினு இருக்க சொல்ல, பிரின்சி. அதான் எறங்கி வந்துட்டேன்" என்றான். அவள் வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.